சிப்ஸ் பாக்கெட்டில் எந்த எண்ணெய்?

கேள்வி: மகள் வளைகுடாவில் இருக்கிறாள். ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் மார்த்தாண்டத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்துவிடுவேன். இந்த முறை வாங்கிய பாக்கெட்டின் முன்பக்கம் தேங்காய்ப் படம். பின்பக்கம் ‘எடிபிள் வெஜிடபிள் ஆயில்’ என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், “எல்லாம் நல்ல எண்ணெய்தாம்மா” என்கிறார். பாமாயில் சேர்த்தால் அதைப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவரக் கூடாதா? பாமாயில் உடம்புக்கு ஆகாது என்கிறார்களே?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் பண்டத்தில் சேர்ந்திருப்பது கடலை எண்ணெயா, தேங்காய் எண்ணெயா, பாமாயில் வகையான பாமோலினா என்று பெயரைச் சொல்ல வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளிலேயே உண்டு. 2020இல் வந்த லேபிள் விதிகளிலும் அது தொடர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இந்தக் கட்டாயம் 2014 டிசம்பர் 13 முதல்தான் அமலுக்கு வந்தது. உங்கள் பாக்கெட் விதிக்குப் புறம்பானது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 52ஆம் பிரிவில், தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது.

ஓட்டைகளும் உண்டு. எண்ணெய்க்குத்தான் பெயர் கேட்கிறார்கள். ‘வெஜிடபிள் ஃபேட்’ என்று வந்துவிட்டால் அது எந்த வகைக் கொழுப்பு என்று சொன்னால் போதும், எந்த மரத்திலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பிஸ்கட், கிரீம் வகைகளில் பாமாயில் ஒளிந்துகொள்ள இது வசதி. நம் பக்கத்துப் பெரிய ஓட்டை வேறு. வாசலில் வாணலி போட்டுப் பொரித்து, கேட்ட அளவு நிறுத்துக் கவரில் கட்டிக் கொடுக்கும் கடைக்கு லேபிளே கிடையாது. ‘தேங்காய் எண்ணெயில் பொரித்தது’ என்ற பலகைதான் உண்டு. அந்தப் பலகையும் விளம்பரம்தான். பொய் விளம்பரத்துக்கு 53ஆம் பிரிவில் 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது என்பது எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியுமோ!

பாமாயில் விஷம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அதில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய பாதி. நாம் கொண்டாடும் தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்தை ஒட்டி வரும். இதய நோய் உள்ளவர் இரண்டிலுமே கையை அடக்கத்தான் வேண்டும். அதிலும் பொரித்த ஏத்தங்காயை ‘எந்த எண்ணெய்’ என்று கேட்டுவிட்டு அரைக்கிலோ தின்பவருக்கு என்னிடம் மருந்தில்லை. இங்கே வழக்கு காசைப் பற்றியது. 2025இல் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியது. ரேஷனில் பாமாயில் 25 ரூபாய். வெளிச்சந்தையில் பாமாயில் அந்த விலைக்குக் கிடைக்காது என்றாலும், கடைக்காரருக்கு ஆசை வர இடைவெளி போதும். தேங்காய் எண்ணெய்க்கான விலையை வாங்கிக்கொண்டு பாமோலினில் பொரித்துக் கொடுத்தால் அது ஏமாற்று. தென்னை வைத்திருக்கும் நம் விவசாயிக்கும் அதில் நட்டம்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் உறைகிறதா என்று பார்க்கும் வீட்டுச் சோதனையை நம்ப வேண்டாம். குளிரில் பாமோலினும் கலங்கி உறையும். பொரித்த சிப்ஸில் அதுவும் முடியாது.

உங்களிடம் உள்ள பாக்கெட்டுக்குச் சோதனையே வேண்டாம். இருபுறமும் படம் எடுத்து, பில்லுடன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்; குற்றம் லேபிளிலேயே தெரிகிறது. பலகை மாட்டிய கடைமீது சந்தேகம் என்றால், 40ஆம் பிரிவின்படி நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். ஆனால் வாங்கும்போதே, “இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அது சட்டம் போட்ட நிபந்தனை. அறிக்கையில் குற்றம் தெரிந்தால் கட்டணம் உங்களுக்குத் திரும்ப வரும்.