சிறையில் விளைந்த செல்வம்

துன்பமே இன்பமென்று கிறிஸ்து மார்க்கம் போதிப்பதில்லை. துன்பத்தினூடும் தேவன் கைவிடார் என்பதே அதன் துணிபு. இதற்கு ஜான் பனியனின் சரிதை தக்க சான்றாகும். இங்கிலாந்தில் பாத்திரம் செப்பனிடுந் தொழில் செய்த அவர், தடையை மீறிப் பிரசங்கித்தமையால் 1660ஆம் ஆண்டில் பெட்போர்டுச் சிறையில் அடைக்கப்பெற்றார். இனிப் பிரசங்கியேனென்று உறுதி கூறின் விடுதலையுண்டு, கூறினாரிலர். பன்னிரண்டாண்டுகள் கழிந்தன. பார்வையற்ற மகளின் பிரிவு அவர் நெஞ்சைப் பிளந்தது. நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். சிறையிற் கருக்கொண்டதாகக் கருதப்பெறும் அவரது ‘மோட்சப் பிரயாணம்’ 1678இல் வெளிவந்தது. அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ நந்தமிழுக்கு அணியாயிற்று.

ஆயினும் அச்சிறை கொடியதே. ஆகலின், பிறர் துயரை ஆசீர்வாதமென நாம் எளிதில் மொழியாது, அவர்தம் பாரத்தைச் சுமக்கத் தோள் கொடுப்போமாக. ஆசீர்வாதம் இன்னதென்பதைப் பின்னர் அவர்களே உரைப்பர்.