கடன் வசூலிக்க வருவோர்

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது நம்மீது வாஜிபு. வசதியிருந்தும் தவணை சொல்லி இழுத்தடிப்பதை அநியாயமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆயினும், கடன்பட்டவரின் மானத்தைச் சந்திக்கு இழுக்க எவருக்கும் ஹக்கு இல்லை.

சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற கடன் வசூல் சட்டம், 2023 மார்ச் 29 முதல் அமலில் இருந்து வருகிறது. அதன்படி, பிறருக்காகக் கடன் வசூலிப்பதைத் தொழிலாகக் கொண்ட நிறுவனம் போலீஸ் இலாகாவின் லைசென்ஸ் பெறவேண்டும். வசூலுக்கு வரும் ஆளுக்கும் அனுமதி வேண்டும்.

ஆகவே, வாசலில் ஆள் வந்து நின்றால் பதற வேண்டியதில்லை. கதவைத் திறக்குமுன் மூன்று கேட்போம்: லைசென்ஸ் எங்கே? யார் அனுப்பி வந்தீர்? கணக்கு எழுத்தில் உண்டா? பதில் இல்லையேல் அவர் கையில் ஒரு வெள்ளியும் கொடுக்கலாகாது. கடன் கொடுத்தவரையே கண்டு, செலுத்தி, ரசீது பெறுவோம். மிரட்டினாலோ, கதவில் சாயம் வீசினாலோ 999க்குச் சொல்வோம். வந்த தேதி, நேரம், பேசிய பேச்சு யாவும் குறித்து வைப்போம். வீட்டுப் பெண்களுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.

பாக்கிக்குச் சரக்குக் கொடுக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. அல்பகரா சூராவின் 282ஆம் ஆயத்து கடனை எழுதி வைக்கச் சொல்கிறது; 280ஆம் ஆயத்து கஷ்டப்படுபவருக்கு அவகாசம் தரச் சொல்கிறது. முரடரை ஏவ மார்க்கத்தில் இடமில்லை; சட்டத்திலும் இல்லை.