கொல்லிமலையில் பயிரின் நீர்ச்செலவை அறிந்து பாசனம் செய்தல்

நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையில் சாமை, கேழ்வரகு முதலிய தானியங்கள் மழையைக் கொண்டே விளைகின்றன. ஆனால் தை மாதத்திற்குப் பிறகு ஊற்று நீரை நம்பிக் காய்கறி பயிரிடுவோர் ஒரு சங்கடத்திற்கு உள்ளாவதுண்டு. நடும்போது ஊற்று நன்றாய்ச் சுரக்கின்றது; பயிர் பூக்கும் தருணத்தில் சுருங்கிவிடுகின்றது. நட்ட பரப்பு முழுமைக்கும் நீர் எட்டாமல் விதையும் எருவும் உழைப்பும் வீணாகின்றன. இந்நஷ்டத்தைத் தவிர்க்க வேண்டுமாயின், நீரின் வரவையும் பயிரின் செலவையும் முன்னதாகவே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நீர்ச்செலவு என்பது யாது?

பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகின்றது. மற்றொரு பகுதியை வேர்கள் உறிஞ்ச, அது இலைகளின் நுண்ணிய துளைகள் வழியே ஆவியாய் வெளியேறுகின்றது. இவ்விரண்டும் சேர்ந்ததே பயிரின் நீர்ச்செலவு. வெயில், உஷ்ணம், காற்றின் வேகம், காற்றிலுள்ள ஈரம் ஆகிய நான்கும் இதனை நிர்ணயிக்கின்றன. இவற்றைக் கொண்டு கணக்கிடும் சூத்திரமொன்றை இங்கிலாந்தில் பென்மன் என்பார் 1948-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனினின்று வளர்ந்த முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1998-ஆம் ஆண்டில் சிபாரிசு செய்தது.

கொல்லிமலையின் மேற்பகுதி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து, சமவெளியைவிடக் குளிர்ந்திருக்கின்றது. ஆகையால் நாமக்கல் சமவெளிக்குரிய பாசன அளவை இங்கு அப்படியே கைக்கொள்ளலாகாது.

அளக்கும் முறை

சூத்திரத்திற்கு வேண்டிய கருவிகள் இல்லாதவிடத்து ஆவித்தட்டு போதுமானது. இது சுமார் 121 சென்டிமீட்டர் குறுக்களவும் 25 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வட்டமான உலோகத் தொட்டி. தரைக்கு 15 சென்டிமீட்டர் மேலே மரச்சட்டத்தின்மீது, நிழல் விழாத இடத்தில் இதனை வைத்து, நாள்தோறும் காலையில் நீர் எவ்வளவு இறங்கியுள்ளதென்று அளக்க வேண்டும். இடையில் மழை பெய்திருந்தால் அம்மழையளவையும் இறக்கத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் பசுமையுள்ள இடத்தில் இவ்வளவைப் பொதுவாக 0.7-ஆல் பெருக்கினால், செழித்த புல்தரையின் நீர்ச்செலவு கிடைக்கும்.

ஒவ்வொரு பயிருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நன்கு வளர்ந்த பீன்ஸுக்குச் சுமார் 1.05, முதல் வருஷத்து மரவள்ளிக்கு 0.8, அன்னாசிக்கு 0.3. அன்னாசி தன் இலைத்துளைகளைப் பகலில் பெரும்பாலும் மூடி இரவில் திறப்பதே அதன் சிக்கனத்திற்குக் காரணம்.

ஓர் உதாரணம்

கோடையில் ஓர் ஊற்று 15 லிட்டர் வாளியை 3 நிமிஷத்தில் நிரப்புகின்றதென்று கொள்வோம். இரவு நீரையும் தொட்டியில் சேர்த்தால் நாளொன்றுக்கு 7,200 லிட்டர் வரவு. வாய்க்காலிலும் மண்ணிலும் மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் பயிருக்குக் கிடைப்பது 4,800 லிட்டர். ஆவித்தட்டில் 6 மில்லிமீட்டர் இறங்கினால் புல்தரையின் செலவு 4.2; பீன்ஸின் செலவு 4.4 மில்லிமீட்டர். ஒரு சென்ட் நிலத்தில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது ஏறக்குறைய 40 லிட்டர். எனவே பீன்ஸுக்குச் சென்ட் ஒன்றுக்கு 176 லிட்டர் வேண்டும். அவ்வூற்று 27 சென்ட் பீன்ஸையே காப்பாற்றும். அன்னாசியாயின் சுமார் 95 சென்டைக் காப்பாற்றும். ஊற்று நிறைந்திருப்பதைக் கண்டு அரை ஏக்கரில் பீன்ஸ் நடுபவர், ஏறக்குறைய பாதியைக் காயவிட வேண்டியதே.

கவனிக்க வேண்டுவன

ஊற்றின் வரவை நடும் காலத்தில் அளந்து ஏமாறலாகாது. சென்ற கோடையில் அது மிகவும் சுருங்கியிருந்தபோது எடுத்த அளவே கணக்கிற்கு உரியது. இளம்பயிருக்குச் செலவு குறைவு. பூக்கும் பருவத்திலேயே மிகுதி. ஆகவே பரப்பை அப்பருவத்திற்கென்றே நிர்ணயிக்க வேண்டும். சரிவிலுள்ள ஆழமற்ற மண் அதிக நீரைத் தாங்காது. வேர்மண்டலம் 20 மில்லிமீட்டர் நீரையே தரவல்லதாயின், மேற்கூறிய பீன்ஸுக்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறை பாய்ச்ச வேண்டும். மிகுதியாய்ப் பாய்ச்சிய நீர் கீழே வழிந்து எருவையும் கொண்டுபோகும். நல்ல மழை பெய்தால் அவ்வளவைக் கழித்துக்கொண்டு அடுத்த பாசனத்தைத் தள்ளிப்போடலாம்.

ஒரு வாளியும் கடிகாரமும் இருந்தால் ஊற்றின் வரவை எவரும் அறியலாம். குடியானவர்கள் வருகிற கோடையில் அதனை அளந்து குறித்துவைத்து, அடுத்த சாகுபடியின் பரப்பை அக்குறிப்பைக் கொண்டு முடிவு செய்வார்களாக.