உள்ளே இருப்பவருக்கு உடம்பு சரியில்லையா?

வீட்டு ஆளை ரிமாண்ட் செய்துவிட்டால் வக்கீல், ஜாமீன் என்றுதான் எல்லாரும் ஓடுவோம். சுகர் மாத்திரை யாருக்கும் ஞாபகம் வராது. அதனால் அக்கா முதலில் கேட்பது இதுதான்: மருந்துச் சீட்டு எங்கே?

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே இன்ன நோய், இன்ன மருந்து என்று வக்கீலைச் சொல்லச் சொல்லு. உத்தரவில் ஒரு வரி ஏறிவிட்டால் பிறகு தட்டிக்கழிப்பது கஷ்டம். சிறை டாக்டருக்குச் சீட்டின் நகலைக் கொடு. ஒரிஜினல் உன்னிடமே இருக்கட்டும்.

அடுத்தது விலாசம். ஊர்ப்பேச்சு தாங்காமல் வீடு மாற்றுகிற குடும்பங்கள் சிறைக்குச் சொல்ல மறந்துவிடுகின்றன. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் தகவல் பழைய வீட்டுக்குத்தான் போகும். புது விலாசத்தோடு இரண்டு போன் நம்பரையும் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடு. கொழுந்தன் நம்பர் வேண்டாம், புது நம்பர் என்றால் அவன் எடுக்கவே மாட்டான்.

மனு பார்க்கப் போகும்போது வாய்வார்த்தையாகப் புலம்பிவிட்டு வராதே. கைதி எண், என்ன தொந்தரவு, எந்தத் தேதியிலிருந்து, என்ன சிகிச்சை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கு. வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், ரசீதைப் பத்திரப்படுத்து.

பதில் இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ, அல்லது 15100-க்குப் போன் செய். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. விசாரணைக் கைதி என்றால் வாய்தா அன்று அதே கோர்ட்டிலும் மனுப் போடலாம். எப்படி இருக்கிறார் என்றே சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும். மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிடு.

‘புகார் கொடுத்தால் உள்ளே அவரைப் படுத்துவார்களே?’ என்ற பயம் நியாயமானதுதான். அப்படியானால் உன் பெயரில் போகாமல் வக்கீல் மூலமாகப் போகட்டும். திகாரில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி சித்திரவதைப்பட்டதைச் சொல்லி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அதுவே வழக்கானது, சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்கவும் அதில்தான் 1979-இல் உத்தரவானது.

சொல்லப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறையில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்தில் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணையில் உறவினர் உடனிருக்கலாம். வக்கீல் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.