சிவப்பு ரயிலில் போன பையன்

விருத்தாசலம்

அன்புள்ள கயல்,

அகதிகள் முகாமில் இருக்கும் ஈழத்துப் பிள்ளைகளைப் படம் எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ ஆவணப்படத்தை ஒரு தடவை பார்த்துவிடு, கண்ணு. 2017இல் கான் திரைப்பட விழாவில் காட்டிய படம். எடுத்தவர் ஜூட் ரத்னம், இலங்கைத் தமிழர்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அவருக்கு வயது 5. சிவப்பு ரயிலில் ஏறி வடக்கே தப்பிப் போனார். வளர்ந்தபின் அதே தடத்தில் கேமராவோடு போகிறார். யார் யாரைக் கொன்றார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்பதெல்லாம் ஐந்து வயதில் எந்தப் பிள்ளைக்கும் புரியாது. ரயில் சிவப்பு என்பது மட்டும் மனசில் நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், ‘உனக்கு எப்படி இருந்தது’ என்று பிள்ளைகளிடம் கேட்காதே. என்ன பார்த்தாய், கையில் என்ன எடுத்துக்கொண்டாய், அன்றைக்கு யார் சோறு ஊட்டினார்கள் என்று கேள். அழவைப்பதற்கென்றே ஒரு கேள்வி வேண்டவே வேண்டாம்.

சிங்கள இனவெறியைச் சொன்னதோடு ரத்னம் நிறுத்திக்கொள்ளவில்லை. தமிழ் இயக்கங்கள் தங்களுக்குள்ளேயே கொன்றுகொண்டதையும் பேசவைக்கிறார். 1986இல் விடுதலைப் புலிகள் டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தை அழித்ததும், பின்னால் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்துப் போனதும் நடந்தவைதானே. இதைப் பேசினால் நம்மவர்களுக்கே கோபம் வரும். வரட்டும். அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

நம் பொம்மைப் பட்டறைக்கு வருகிறவர்கள், ‘பிள்ளைகளும் இந்தப் பச்சை மண் மாதிரிதான்’ என்பார்கள். எனக்கு அது ஒப்பாது. மண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறோம். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்பக்கம் மண் ஏடு மாதிரி படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, இறுகியதும் அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுப்போம். அப்போது விரல் அழுந்திவிட்டால் சூளைக்குப் போய் வந்தாலும் அந்தப் பள்ளம் போகாது. அதுவரைக்கும் சரி. ஆனால் எந்தப் பொம்மையும் தன் பள்ளம் யாருடைய விரல் என்று தேடிப் போனதில்லை. அந்த ஐந்து வயசுப் பையன் போனான்.

நீ பார்க்கப்போகும் சின்னதுகள் இங்கேயே பிறந்தவை. போர் 2009இலேயே முடிந்துவிட்டது. பாட்டி சொல்லித்தான் போரைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஆகவே பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து பேசு. பிள்ளைகளிடம் அவர்கள் கண்ணால் பார்ப்பதைக் கேள். பிறந்த ஊரிலேயே பலருக்குக் குடியுரிமை இல்லை. அது வீட்டில் என்னென்ன பேச்சாக அடிபடுகிறது என்று அவர்களே சொல்லட்டும்.

போகும் வழியில் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கிக்கொள். யானைப் பொம்மைகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வைக்கோல் வைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். பேட்டி முடிந்த பிறகு கொடுக்காதே. போனதுமே கொடுத்துவிடு, பேசுகிற பிள்ளைக்கும் பேசாத பிள்ளைக்கும்.

அன்புடன்,
பெரியப்பா