சுண்டலை ஒதுக்காதீங்க!

நண்பர்களே, ஒரு உண்மையைச் சொல்றேன். சத்துணவில் போடும் சுண்டலை நான் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவிடுவேன். 'வயிறு முட்ட சோறு சாப்பிட்டாச்சே, அது போதாதா?' என்று நினைப்பேன். புரதம் பற்றிப் படித்த பிறகுதான் என் தப்பு புரிந்தது.

சோறு ஓடியாடச் சக்தி தரும். ஆனால் தசை வளரவும், காயம் ஆறவும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டாகவும் புரதம் வேண்டும். கொழுப்பைப் போல இதை உடம்பு சேமித்து வைக்காது. அதனால் தினமும் சாப்பிடணும்.

13 முதல் 15 வயதுள்ள நமக்கு ஒரு நாளைக்குச் சுமார் 45 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கு. முட்டை சாப்பிடாதவங்க என்ன செய்வது? அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கு. ரெண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். இட்லி, பொங்கல், சாம்பார் சாதம் எல்லாம் இந்தக் கூட்டணிதான்!

இன்னொன்றும் கவனித்தேன். எங்க அம்மா கடைசியில்தான் சாப்பிடுவாங்க. அதற்குள் பருப்பு தீர்ந்துவிடும். அவங்களுக்கு ரசம் சோறுதான். இப்போது நான் முதலிலேயே ரெண்டு கரண்டி பருப்பை அம்மாவுக்குத் தனியாக எடுத்து வைக்கிறேன்.

உங்க வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? இன்னிக்கு ராத்திரி பாருங்களேன்!