வாடகை வீட்டின் பழுது யார் பொறுப்பு?

நம் ஊரில் பல குடும்பங்களுக்கு வாடகைதான் மாத வருமானம். வெளிநாட்டில் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர்களும் நம் மக்களே. மழைக்காலம் வந்தால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு. "கூரை ஒழுகுது" என்கிறார் குடியிருப்பவர். "வாடகையைக் கூட்டிக் கொடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர். இது சரிதானா என்று பார்ப்போம்.

மார்க்கம் சொல்வது

வாடகை ஒப்பந்தத்தை ஃபிக்ஹில் 'இஜாரா' என்பார்கள். இதில் நாம் வீட்டை விற்பதில்லை. அதில் குடியிருக்கும் பயனை மட்டுமே கொடுத்து, அதற்குக் கூலி வாங்குகிறோம். ஆகவே குடியிருக்கத் தக்க நிலையில் வீட்டை வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. அது அவர் செய்யும் உதவி அல்ல. குடியிருப்பவர் கையில் வீடு ஓர் அமானிதம். அவருடைய அலட்சியத்தால் சேதமானால் அவர் ஈடு தர வேண்டும். புழக்கத்தில் தேய்ந்ததற்கு அவர் பொறுப்பல்ல.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்து ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

தளத்தில் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும்; அது கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். நாங்கள் பார்க்கப் போன ஒரு வீட்டில், குழந்தையின் தொட்டில் கட்டியிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் காரை பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த ஈரக்கறை இரண்டு மழைக்காலமாக அங்கே இருந்ததாம். முதல் மழையிலேயே விரிசலை அடைத்திருந்தால் கொத்தனாருக்கு ஒருநாள் வேலையோடு போயிருக்கும். இப்போது தளத்தையே உடைத்துப் போட வேண்டிய நிலை.

பணத்துக்கு என்ன செய்வது?

"வாடகை வயிற்றுக்கே போதவில்லை, பழுதுக்கு எங்கே போவது?" என்று கணவரை இழந்த சகோதரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வக்ஃபு சொத்தின் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் வழி. சொத்து நின்றால்தான் வருமானம் நிற்கும். நம் சொந்த வீட்டுக்கும் அதே கணக்கைக் கடைப்பிடிக்கலாம். வருடத்தில் ஒரு மாத வாடகையைப் பழுதுக்கென ஒதுக்குங்கள். வாடகை 6,000 ரூபாய் என்றால் மாதம் 500 ரூபாய் தனியே வைத்தால் போதும். அட்வான்ஸ் தொகையை இதற்கு எடுக்காதீர்கள். அது திருப்பித் தர வேண்டிய பணம்.

ஐப்பசி மழைக்கு முன் பார்க்க வேண்டியவை

1. மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா?
2. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் விரிசல் உண்டா?
3. சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? வேரோடு எடுங்கள்.
4. ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கிறதா? உடனே எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.
5. மேல்தொட்டியைக் கழுவி மூடி போட்டாயிற்றா?

குடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறு கசிவைக் கண்டதும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருப்பதும் அமானிதத்தில் குறைதான். வீட்டுக்காரரும் பார்க்க வருமுன் ஒருநாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வரட்டும். வீட்டில் பெண்கள் இருப்பார்கள்.

இந்த வாரம் மாடியேறி ஒருமுறை பாருங்கள். அல்லாஹ் நம் வருமானத்தில் பரக்கத் செய்வானாக.